எஞ்சினுக்குத் தெளித்த தீர்த்தம்

எங்கள் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு விளக்கு உண்டு. அது எஞ்சின் படம் என்று மகன் சொல்லுவான். எனக்கு மூடிவைத்த குழம்புச் சட்டி மாதிரித்தான் தெரியும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, வண்டி ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் எஞ்சினில் கோளாறு. என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள மகன் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால் செல்போனில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் நான்கு எண்களும் வரும். எரர் கோடு என்பார்கள்.

அந்த எழுத்தையும் எண்களையும் காலண்டரில் எழுதிவைப்பது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். அந்த எழுத்து ஒரு குச்சியும் அதன் தலையில் அரைவட்டமும்தானே, பார்த்து வரைந்துவிடுவேன். பி 0193. பி 0192. ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது. ஏழு மாதம் எழுதினேன்.

வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நெஞ்சில் வார்த்தை இருக்கும், தொண்டை தாண்டாது. அறுபத்தெட்டு வயதிலும் மாறவில்லை. வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து உள்ளே நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். மூன்று ஏக்கரில் குண்டு மிளகாய் போட்டுக்கொண்டிருந்தோம். கிணறு உப்பாகிப்போன பிறகு அதில் பாதியை விற்று, மகன் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினான். ராமேஸ்வரம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரைக்கும் போய்வருவான். அவனுக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் கூடிவரவில்லை. வண்டிதான் அவனுக்கு எல்லாம். துடைத்துத் துடைத்து வைப்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கு மிஷினில் போட்டால் பன்னிரண்டு மணிக்கு எடுப்பார்கள். நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், கால் வீங்கும், பிறகு மூச்சு விட முடியாது. பஸ் படி அவரால் ஏற முடியாது. ஆட்டோவில் போனால் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவர் இடுப்பில் குத்தும். ஆக அந்தக் கார் ஓடினால்தான் அவர் உயிரோடிருப்பார். எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் என்னைப்போல இல்லை. வாய் ஓயாது.

"வாரத்துக்கு ரெண்டு தடவை என் ரத்தத்தைத் துவைச்சு அலசிக் குடுக்கிறாங்க. உன் சேலையைக்கூட நீ அப்படித் துவைச்சது கெடையாது" என்பார் என்னிடம்.

மகன் கருவியைச் செருகி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், "ஏலே, உன் வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதிதான்லே. அதுக்கும் ஒயரை மாட்டித்தான் பாக்க வேண்டியிருக்கு" என்பார்.

"உங்களுக்கு மஞ்ச லைட்டு எரியலையே அய்யா" என்பான் அவன்.

"கண்ணைப் பாருலே, எரியுது" என்று இமையை இழுத்துக் காட்டுவார்.

சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவருக்கு வியாதி வந்த வருடம் நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். அமாவாசைதோறும் சேதுக்கரையில் கடலில் மூழ்கி எழுந்து, அந்தத் தீர்த்தத்தைக் கேனில் பிடித்து வருவது. எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கொண்டுவந்து வீட்டு மூலை நான்கிலும் தெளிப்போம், மாட்டுக்கொட்டகையில் தெளிப்போம், மிளகாய் நாற்றுக்கு, மோட்டார் ரூமுக்குக்கூடத் தெளிப்போம். கார் வந்த பிறகு காருக்கும் தெளித்தேன். முதலில் மாவிலையில் தொட்டு முன்கண்ணாடியில் நாலு துளி, சக்கரத்துக்கு நாலு துளி. அவ்வளவுதான்.

அவர் கால் வீங்கத் தொடங்கிய பிறகு எனக்குப் பயம் கூடிவிட்டது. கண்ணாடிக்குத் தெளித்தால் போதுமா, ஓடுகிறது எஞ்சின் அல்லவா என்று தோன்றியது. பானட்டைத் திறக்க மகன்தான் ஒரு தடவை சொல்லிக்கொடுத்திருந்தான், கண்ணாடி துடைக்கிற தண்ணீரை நிரப்புவதற்காக. அமாவாசைக்கு மறுநாள் காலையில் அவன் எழுந்திருக்கும் முன்னால் வாசலுக்குப் போவேன். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்துவேன். எஞ்சின் தலையில் கறுப்பு மூடி ஒன்று இருக்கும். அதன் மேல் மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு செம்புத் தீர்த்தத்தை மெதுவாக ஊற்றுவேன். தண்ணீர் மூடியின் ஓரமாக வழிந்து இடுக்குகளில் இறங்கிப்போகும். எங்கே போகிறது என்று நான் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடுவேன். பிறகு துணியால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு மூடிவிடுவேன். மகனுக்கு மஞ்சள் கறை பிடிக்காது, திட்டுவான்.

அது கடல்தண்ணீர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். உப்பு என்ன செய்யும் என்று என்னைவிடத் தெரிந்தவள் யார்? உப்பு எங்கள் கிணற்றைத் தின்றது. மோட்டார் குழாயைத் தின்றது. வாசல் கம்பிக் கதவு கையோடு உதிர்ந்து வரும். இரும்புச் சட்டியில் உப்புத்தண்ணீர் ஒரு ராத்திரி நிற்க விடமாட்டேன். ஆனால் சேதுக்கரையில் பிடித்தது தீர்த்தம். அது வேறு, கடல்தண்ணீர் வேறு என்றுதான் என் புத்தியில் இருந்தது. அவருக்கு நாளைக்கு இத்தனை தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்துத்தா" என்று கெஞ்சுவார், நான் ஊற்றமாட்டேன். அப்படிப்பட்டவள் எஞ்சினுக்கு ஒரு செம்பு நிறைய ஊற்றினேன்.

வைகாசியில்தான் முதல்முதலாக விளக்கு அணையாமல் நின்றது. வண்டி இழுக்கவில்லை, திணறியது. மகன் உச்சிப்புளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். அவர் ஒரு பாய். தனியாகவே ஒரு கொட்டகை போட்டு வேலை பார்க்கிறவர். அவசரப்படமாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். என் வீட்டுக்காரர் அவரை வைத்தியர் என்றுதான் சொல்லுவார்.

டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று அளந்து சொல்லுகிற ஒரு சென்சார் இருக்கிறதாம். அது தப்பான அளவு சொல்லுகிறது, அதைக் கேட்டு எஞ்சின் பயந்துபோய் மெதுவாகிறது என்று மகனுக்கு விளக்கியிருக்கிறார். புதுச் சென்சார் போட்டார். விளக்கு அணைந்தது. இருபது நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் எரிந்தது. டீசல் பில்டர் மாற்றினார். அணைந்தது. மறுபடியும் எரிந்தது.

"உப்புக்காத்துதான் தம்பி. தனுஷ்கோடி மண்ணுல நிறுத்துற வண்டி அத்தனைக்கும் ஏதாச்சும் ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாராம்.

உப்புக்காற்று என்றதும் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. இங்கே எது கெட்டாலும் காற்றைத்தான் சொல்லுவோம்.

மகன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். கருவியைச் செருகி, செல்போனில் ஓர் இடத்தைத் தொட்டால் கோடு அழிந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். இரண்டு நாளோ நாலு நாளோ தாங்கும்.

"அழிச்சிட்டேன்த்தா" என்பான், கையைத் தட்டிக்கொண்டு.

நோயே அழிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

பாய்க்கு அது தெரிந்து மகனைத் திட்டியிருக்கிறார். "அது என்னமோ சொல்லவருது, நீங்க அது வாயைப் பொத்துறீங்க. இனிமே அழிக்கிறதா இருந்தா என்ன கோடு, எந்தத் தேதின்னு எழுதி வச்சுட்டு அழிங்க. அதை வச்சுத்தான் எனக்கு ஒரு வழி தெரியும்." மகன் ஓட்டத்தில் எழுத மறந்துபோவான். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். விளக்கு எரிந்த தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவேன். ஏழு மாதம் என்றேனே, அதில் முதல் மூன்று மாதத்தை மகன் செல்போனைப் பார்த்துச் சொல்ல, பின்னால் எழுதிச் சேர்த்தேன்.

ஐப்பசியில் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை வாசலிலேயே நின்றுபோனது. ஆட்டோ பிடித்து அவரைக் கொண்டுபோனோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் பாய் வீட்டுக்கே வந்தார். மகன் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தான். அவர் வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினார். நான் நிலைப்படிக்குள் காபி டம்ளரோடு நின்றேன்.

"எழுத்து யாரோடது?" என்றார்.

"ஆத்தா எழுதுனது" என்றான் மகன்.

"அழகா இருக்கும்மா. எங்கிட்ட வர்ற டிரைவருங்க ஒருத்தன்கூட இப்படி எழுதிக்கிட்டு வந்ததில்லை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் மறுபடியும் முதல் தாளுக்குப் போனார். விரலை வைத்து வைத்துப் பார்த்தார். அவர் விரல் நின்ற இடத்தை நானும் பார்த்தேன். என் எழுத்து தொடங்குகிற தேதிக்கு மூன்று நாள், நாலு நாள் முன்னால் ஒவ்வொரு தாளிலும் ஒரு கறுப்பு வட்டம். அமாவாசை. ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை. எல்லா மாதமும். எழுதியவள் நான்தான், அடுப்படியில் தினமும் அதற்குக் கீழேதான் நிற்கிறேன். அதுவரைக்கும் என் கண்ணில் படவில்லை.

பாய் காலண்டரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகன் டார்ச் எடுக்க உள்ளே போன சமயத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. சாமி காரியம்னா நான் கேக்கக்கூடாது. வண்டிக்குப் பூசை எதுவும் போடுவீங்களா? பானட்டுக்குள்ள தண்ணி கிண்ணி தெளிக்கிறது உண்டா? ஏன் கேக்கேன்னா, மேலருந்து தண்ணி விழுந்திருந்தா ஒயரு கூடுற கப்ளரைத்தான் நான் மொதல்ல பிரிச்சுப் பாக்கணும். இல்லேன்னா டீசல் பம்பு பக்கம் தேடணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. வார்த்தை நெஞ்சில் இருந்தது. ஆமாம் தம்பி, ஊற்றினேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாதி வெட்கம். அத்தனை பெரிய மனுஷர் என் எழுத்தை அழகு என்று சொல்லி வாய் மூடவில்லை. பாதி, தீர்த்தத்தால்தான் கெட்டது என்று வேறு மதத்து மனுஷர் வாயால் வரவழைக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. உள்ளே கட்டிலில் கிடந்தவர் காதில் விழுமே என்ற பயமும்தான்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். "சரிம்மா" என்றார். காபியை வாங்கிக் குடித்தார்.

அதற்கப்புறம் பம்பைக் கழற்றினார். மதுரைக்கு அனுப்பி சோதித்துப் பார்த்தார்கள். பதினைந்து நாள் வண்டி கிடந்தது. அதுவரைக்கும் டயாலிசிஸுக்கு என் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் போய் வந்தார். பம்பில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. அதை மாட்டி, பூமியோடு சேர்க்கிற ஒயர் ஒன்றைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார் பாய்.

நான் கார்த்திகை அமாவாசையிலிருந்து எஞ்சினுக்கு ஊற்றவில்லை. ஊற்றுவதை நிறுத்தினால் போதும், தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். கார்த்திகை முழுக்க விளக்கு எரியவில்லை. மார்கழியிலும் எரியவில்லை. காலண்டரில் வெறும் தேதிகள். பார்த்தாயா, நீ வாயைத் திறக்காததே நல்லதாய்ப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உள்ளே போன உப்பு உள்ளேயேதான் இருந்தது.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை விளக்கு எரிந்தது. மறுநாள் காலை வண்டி எடுக்கவே இல்லை. ஆட்டோக்காரரும் ஊரில் இல்லை. "இன்னைக்கு ஒரு நா போகட்டும்லே, வெள்ளிக்கிழமை சேத்து அலசச் சொல்லுவோம்" என்றார் அவர். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் தவறிப்போனது. புதன்கிழமை பாய் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். இந்தத் தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கப்ளரைப் பிரித்தாராம். ஒயர்கள் வந்து சென்சாரில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூடு அது. உள்ளே மூன்று பித்தளை ஊசிகள். மூன்றும் பச்சை பூத்துப்போய், ஒன்று பாதிக்கு மேல் அரித்திருந்தது என்று மகன் வந்து சொன்னான்.

"கழுவி மாட்டியிருக்காரு. ஆனா அந்த ஊசி தாங்காதாம். புதுக் கப்ளரு மதுரையில இருந்து சனிக்கிழமை வருது. வீட்டுல கொண்டுபோய் நிறுத்துங்க, அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்கன்னாரு."

"அப்ப வெள்ளிக்கிழமை?" என்றேன்.

"ராம்நாட்டுக்குத்தானத்தா. பத்துப் பன்னெண்டு மைலு. இங்கன இருக்கிற ராம்நாட்டுக்குப் போகாதா?"

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு முகம் உப்பியிருந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடியவிட்டிருந்தார். தாங்கிப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினோம். நானும் பக்கத்தில் ஏறினேன். மகன் சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது, அணையவில்லை. அவன் கருவியைச் செருகினான். தொட்டான். அணைந்தது. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்த மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் ஊருக்குத் திரும்பியிருந்தார், அவரைக் கூப்பிடு என்று சொல்ல வாய் வந்தது. பாய் சொன்னதையே தள்ளிவிட்டவன், நான் சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் அந்த ஒன்றுதான். பேசாமல் இருந்தேன். வண்டி கிளம்பியது.

உச்சிப்புளியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில் ரோடு நேராகப் போகிற இடத்தில் எஞ்சின் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு சத்தமே இல்லை. வண்டி உருண்டு உருண்டு ஓரத்தில் நின்றது.

மகன் கருவியைச் செருகினான், அழித்தான், சாவியைத் திருப்பினான். செருகினான், அழித்தான், திருப்பினான். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முனகுவது மட்டும் கேட்டது. பிறகு பேட்டரியும் இறங்கி அந்த முனகலும் நின்றுவிட்டது. பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான். ஒயரைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். பாய்க்குப் போன் போட்டான். வாரேன் என்றாராம்.

"ஏலே, அதுக்கு என்னலே வேணுமாம்?" என்றார் அவர். அப்போதும் சிரிக்கப் பார்த்தார். மூச்சு குறுக்கே வந்தது.

"ஒண்ணுமில்லைய்யா, இந்தா எடுத்துரும்" என்றான் அவன், வெளியே இருந்து.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றார் என்னிடம். நான் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகாத உடம்பு, தண்ணீர் கொடுத்தால் கூடிவிடும் என்று முந்தானையை நனைத்து உதட்டில் வைத்தேன். அதைப் பல்லால் கடித்து உறிஞ்சினார்.

மகன் ரோட்டுக்கு நடுவில் போய்க் கையை விரித்து நின்றான். ராமேஸ்வரத்திலிருந்து திரும்புகிற வேன்களும் கார்களும் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஆம்புலன்ஸ் வருகிறது என்று போனில் சொன்னார்கள். மண்டபம் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த லோடு ஆட்டோ ஒன்று அதற்கு முன்னால் நின்றது. ஓட்டிவந்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"பெட்டியை அந்தப் பக்கம் தள்ளுங்க. பெரியவரைச் சாய்ச்சுப் படுக்கப்போடாதீங்க, உக்கார வையுங்க" என்றார்.

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்து, முதுகில் என் முழங்காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீர் வழிந்து அவர் வேட்டி நனைந்தது. ராமநாதபுரம் வரைக்கும் அவர் பேசவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. நெஞ்சு முழுக்கத் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். மிஷின் போட்டார்கள், வாயில் குழாய் வைத்தார்கள். அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

சனிக்கிழமை சொன்னபடி கப்ளர் மதுரையிலிருந்து வந்திருந்தது. பாய் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அதைப் போட்டு, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து விளக்கு எரிந்ததே இல்லை. எரிய என்ன இருக்கிறது.

மகன் வண்டியைத் தொடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவனே முந்திக்கொண்டு சொல்லுவான்: "வண்டியை எடுக்காதீங்கன்னு அவரு சொன்னாரு. நாந்தான் லைட்டை அழிச்சிட்டு ஓட்டுனேன். நாந்தான் அய்யாவைக் கொன்னுட்டேன்." வந்தவர்கள், "அப்படிச் சொல்லாதப்பா, விதி" என்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. பார்க்க வந்தவர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். "நடுரோட்டுல நிக்கும்" என்பான் மகன். எல்லாம் சரிபண்ணியாயிற்று என்று அவன் சொல்லமாட்டான். நிற்கும் என்பதை மட்டும் சொல்லுவான். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். நாலு பேர் அப்படிப் போனார்கள். அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை, தாடியை எடுப்பதுமில்லை.

என் பிள்ளை என் பாரத்தைச் சுமக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அவன் தலையிலிருந்து இறங்கி என் தலைக்கு வந்துவிடும், அவனாவது நிமிருவான் என்று நினைத்தேன். அதற்கும் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி ஊத்துனது நாந்தான்யா. சேதுக்கரைத் தண்ணி. அமாவாசைக்கு அமாவாசை ஒரு செம்பு ஊத்துனேன்."

அவன் கை நின்றது.

"எப்ப வரைக்கும்?"

"தீவாளி அமாவாசை வரைக்கும்."

"பாய் வந்து காலண்டரைப் பாத்தாரே. அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியும். எங்கிட்டத்தான் கேட்டாரு. இல்லைன்னு தலையாட்டிட்டேன்."

திட்டுவான், தட்டை வீசுவான் என்று காத்திருந்தேன். அழுவான் என்றுகூட நினைத்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சரி. நீ சொல்லலை. நான் அழிச்சேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "அய்யா நம்ம ரெண்டு பேரையும் நம்பித்தானத்தா ஏறி உக்காந்தாரு" என்றான்.

அவன் தலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. முன்னால் ஒருவன் குற்றவாளியாக இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருந்தோம், அவ்வளவுதான் நடந்தது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவன் அதற்குப் பிறகும் தன்னைத்தான் சொன்னான். என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் திருப்பாலைக்குடியிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். மீன் வியாபாரம் செய்கிறவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வண்டியை ரோடுவரை ஓட்டிவிட்டு வந்து, பிடித்துவிட்டது என்றார்.

"நடுரோட்டுல நிக்கும்" என்றான் மகன்.

அவர் சிரித்தார். "விக்கிற ஆளே இப்படிச் சொன்னா எப்படிங்க? நல்லாத்தான ஓடுது. எதனால நிக்கும்?"

மகன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லட்டும் என்றுதான் பார்த்தான். அந்த மனுஷரும் என் பக்கம் திரும்பினார்.

வார்த்தை நெஞ்சில் இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.